பைத்தானில் தமிழ் உரையைப் பத்தியாக மடிக்கும்போது வரி ஏன் பாதியிலேயே திரும்புகிறது?

வேளிமலை வாசகன் (தக்கலை பக்கம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுமலர்களில் வந்த 41 கட்டுரைகளை வெறும் உரைக் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வயலுக்கு வந்து சேர்ந்த கதை, மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டும்போது வேலை செய்தவர்களின் நினைவுகள், பத்மநாபபுரம் அரண்மனை மரவேலை என்று வேறெங்கும் கிடைக்காத விஷயங்கள். எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு மின்னஞ்சலில் ஒவ்வொன்றாக அனுப்ப ஆசை.

சிக்கல் இதுதான். அந்தக் காலத்தில் டிடிபி செய்தவர் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டியிருக்கிறார். வரி நீண்டும் குறுகியும் கிடக்கிறது. பைத்தானில் டெக்ஸ்ட்ராப் என்ற தொகுதி இருப்பதாகப் படித்து, அதன் ஃபில் செயல்கூறுக்கு 70 அகலம் கொடுத்து ஓட்டினேன். கட்டுரை முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டது. தமிழ் வரிகள் நாற்பது சொச்சம் எழுத்திலேயே திரும்பிவிடுகின்றன, ஆங்கில மேற்கோள் வரும் இடத்தில் மட்டும் வரி முழு நீளத்துக்குப் போகிறது. போதாததற்கு "அரண்ம னை", "கன்னியாகும ரி" என்று சொற்கள் நடுவில் இடைவெளியோடு வருகின்றன. நான் நிரலாளன் இல்லை, வாசகசாலைக் கணினியில் கற்றுக்கொண்டதுதான். வழி சொல்லுங்கள்.

பழையாறு (நாகர்கோவில்) எழுதியது:

நல்ல வேலை செய்கிறீர்கள். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

ஒரே பத்தியாக ஒட்டியது உங்கள் தவறில்லை. ஃபில் தனக்குக் கொடுத்த உரை முழுவதையும் ஒரு பத்தியாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வரிமுறிவுகளை இடைவெளியாக மாற்றிவிடும். அதனால் முதலில் வெற்றுவரி வரும் இடங்களில் உரையைத் துண்டுபோட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனியே மடித்து, நடுவில் வெற்றுவரி வைத்து மறுபடியும் சேர்க்க வேண்டும்.

வரி பாதியில் திரும்புவது வேறு கதை. டெக்ஸ்ட்ராப் நீளத்தை லென் என்ற உள்ளமைந்த செயல்கூறு கொண்டு அளக்கிறது. லென் எண்ணுவது யூனிகோடு குறிகளை, நாம் எண்ணுவதோ எழுத்துகளை. கன்னியாகுமரி என்பது நமக்கு 7 எழுத்து. லென் 12 என்று சொல்லும், ஏனென்றால் ன் என்பது ன-வும் புள்ளியும், னி என்பது ன-வும் கொக்கியும். நாகர்கோவில் 6 எழுத்து, 11 குறி. தொட்டிப்பாலம் 7 எழுத்து, 13 குறி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்பதால் அங்கே கணக்கு பிசகுவதில்லை. 70 குறிக்கு நம் எழுத்து நாற்பதைச் சுற்றித்தான் வரும். நீங்கள் கண்டதும் அதைத்தான்.

தீர்வு சிறியது. யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் கேட்டகரி என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. ஒவ்வொரு குறியும் எந்த வகை என்று அது சொல்லும். புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றின் வகைப் பெயரும் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும். அவற்றை விட்டுவிட்டு மீதியை எண்ணினால் தமிழ் வாசிப்பவர் எண்ணும் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஆய்த எழுத்து வேறு வகை என்பதால் அதுவும் சரியாக ஒன்றாக எண்ணப்படும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் அகலமே இல்லாத மறைகுறிகள் ஒளிந்திருக்கும், அவற்றின் வகை 'சிஎஃப்'. அதையும் விலக்குங்கள்.

குலசேகரம் பையன் எழுதியது:

அண்ணா, ஒரு குறுக்குவழி. டெக்ஸ்ட்ராப் தொகுதிக்குள் லென் என்ற பெயரிலேயே நம்முடைய எண்ணும் செயல்கூறை வைத்துவிட்டால் போதும். பைத்தான் ஒரு பெயரைத் தேடும்போது அந்தத் தொகுதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளமைந்த பெயர்களுக்குப் போகும். ஒரே வரி மாற்றம். கல்லூரி வேலைக்கு இப்படித்தான் செய்தேன், வரிகள் ஒழுங்காக வந்தன.

பழையாறு எழுதியது:

தம்பி, வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு குழி இருக்கிறது. அந்தத் தொகுதி சில இடங்களில் பட்டியலின் நீளத்தையும் லென் வைத்துத்தான் பார்க்கிறது, ஆகவே உன் செயல்கூறு உரை வந்தால் ஒரு விதமாகவும் பட்டியல் வந்தால் பழைய விதமாகவும் எண்ண வேண்டும். இரண்டாவது குழி பெரியது. ஒரு சொல் வரியின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் டெக்ஸ்ட்ராப் அதை நடுவில் வெட்டும். வெட்டுவது குறிக்கணக்கில்தான். மெய்யெழுத்து மேல்வரியில் நிற்க, புள்ளி மட்டும் கீழ்வரியில் வந்து புள்ளிவட்டத்தின் தலையில் உட்காரும். தமிழ் தெரிந்த எவருக்கும் அதைப் பார்க்கச் சகிக்காது. பிரேக் லாங் வேர்ட்ஸ் என்ற அமைப்பை அணைத்துவிட்டுப் பயன்படுத்து. அப்போது அந்த ஒரு வரி நீண்டுபோகும், சொல் உடையாது.

வேளிமலை வாசகனுக்கு என் யோசனை: சொந்தமாக எழுதுங்கள். பத்தியை இடைவெளியில் பிரித்துச் சொற்களாக்குங்கள். ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு சொற்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்த்தால் அகலம் தாண்டும் என்றால் அந்த வரியை முடித்துப் புது வரி தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வரி நிரல்தான். அடுத்த வருடம் நீங்களே திறந்து பார்த்தாலும் புரியும்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

நான் தமிழாசிரியை, நிரல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் "அரண்ம னை" சிக்கலுக்கு இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பழைய அச்சில் தமிழ்ச் சொல்லை வரிக்கடைசியில் எந்த எழுத்திலும் உடைப்பார்கள், ஆங்கிலம் போல இணைப்புக்கோடு போடுவதில்லை. அதனால் இரண்டு வரிகளைச் சேர்க்கும்போது நடுவில் இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்பது கணினிக்குத் தெரியாது. மொழிமுதல் எழுத்து விதியைச் சொல்லிக்கொடுத்தால் தெரியும்.

புள்ளி வைத்த மெய் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதலில் வராது. வரி அப்படித் தொடங்கினால் அது மேல்வரிச் சொல்லின் மிச்சம், இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஸ்கூல், ப்ரஸ் மாதிரிப் பிறமொழிச் சொற்களை மட்டும் தனியே எழுதி வையுங்கள். அடுத்து ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு எழுத்துகளின் வரிசை. இவையும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. இவற்றில் ண, ழ, ள, ற, ன ஐந்தையும் தயங்காமல் ஒட்டலாம். னை என்று வரி தொடங்கினால் அது அரண்மனையின் மிச்சம்தான், வேறு வழியே இல்லை. ட, ர, ல மூன்றில்தான் கவனம் வேண்டும், இரவல் சொற்கள் இவற்றில் தொடங்கும். நம் மாவட்டத்துக் கட்டுரையில் ரப்பர் வராமல் இருக்காது. லாரி, ரேஷன், டீக்கடை எல்லாம் வரும்.

எதிர்ப்பக்கமும் ஒரு விதி உண்டு. அ முதல் ஔ வரை உயிரெழுத்து சொல்லுக்கு நடுவில் வராது, செய்யுளில் அளபெடை வந்தால் ஒழிய. ஆகவே வரி உயிரெழுத்தில் தொடங்கினால் அது புதுச் சொல். இடைவெளி விடுங்கள்.

மேல்வரியின் கடைசியையும் பாருங்கள். ட், ற், ங் ஆகியவை சொல்லின் இறுதியில் நிற்பதில்லை, டிக்கெட், பாஸ்போர்ட் மாதிரி இரவல் சொற்களைத் தவிர. அங்கேயும் ஒட்டலாம். க், ச், த், ப் நான்கும்தான் கடினம். "அதைக்" என்று முடிந்து அடுத்த வரி "கேட்டான்" என்று தொடங்கினால் வல்லினம் மிகுந்த இரண்டு சொற்கள். "பக்" என்று முடிந்து "கம்" என்று தொடங்கினால் ஒரே சொல். எழுத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது.

பழையாறு எழுதியது:

டீச்சர், இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். நான் பெரிய அகராதி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன விதிகளை எழுத அகராதியே வேண்டாம்.

மீதமுள்ள க், ச், த், ப் வகைக்கும் ட, ர, ல வகைக்கும் வாசகனின் கோப்புகளே அகராதி. 41 கட்டுரைகளிலும் வரியின் நடுவில் வரும் சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக்குங்கள். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் விட்டுவிடுங்கள், அவை உடைந்ததாக இருக்கலாம். இப்போது "தொட்டிப்" என்று ஒரு வரி முடிந்து "பாலம்" என்று அடுத்தது தொடங்கினால், "தொட்டிப்பாலம்" என்ற வடிவம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இடைவெளி விட்டு, அந்த இடத்தைத் தனிக் கோப்பில் குறித்து வையுங்கள். அதை மனிதர் பார்க்க வேண்டும்.

இதைத் தொடங்கும் முன்பு இன்னொன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை என்றால் தொ என்பது சில இடங்களில் த-வும் ொ-வும் என இரண்டு குறியாகவும், சில இடங்களில் த, ெ, ா என மூன்று குறியாகவும் இருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது, பட்டியலில் தேடினால் மட்டும் கிடைக்காது. அதே யூனிகோட்டேட்டா தொகுதியில் இருக்கும் நார்மலைஸ் செயல்கூறுக்கு 'என்எஃப்சி' என்று கொடுத்து முழு உரையையும் முதலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

கௌரவம், பௌர்ணமி மாதிரிச் சொற்களில் ௌ குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் தட்டியிருப்பார்கள். அதையும் இது திருத்துமா?

பழையாறு எழுதியது:

திருத்தாது டீச்சர். அங்கே ள உண்மையான ள எழுத்தாகவே பதிவாகியிருக்கும், கணினி அதைத் தொடாது. அப்படிப்பட்ட சொற்கள் குறைவுதான். பட்டியலை அகரவரிசையில் அடுக்கிவிட்டுக் கண்ணால் பார்த்து மாற்றுவது நல்லது.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

இத்தனை பாடு எதற்கு? லினக்ஸில் வரி மடிக்க எஃப்எம்டி என்று ஒரு கட்டளை இருக்கிறதே, ஒரே வரியில் முடிந்துவிடும்.

பழையாறு எழுதியது:

நான் பயன்படுத்திய பதிப்புகளில் அது பைட்டுகளை எண்ணியது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. கன்னியாகுமரி என்ற ஒரு சொல்லே 36 பைட்டு ஆகிவிடும். அதன் இயல்பான அகலம் 75, அதாவது இரண்டு ஊர்ப்பெயருக்கு மேல் ஒரு வரியில் நிற்காது. ஃபோல்டு கட்டளை இன்னும் மோசம், பைட்டுகளின் நடுவில் வெட்டி எழுத்தையே குலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பெர்ல் தெரிந்தவர்கள் பின்சாய்கோடும் எக்ஸும் சேர்ந்த குறியீட்டால் முழு எழுத்தாகப் பிடிக்கலாம். ரூபியிலும் அதற்கென்று செயல்கூறு உண்டு. பைத்தானில் ஓப்பன்-தமிழ் தொகுப்பு ஓர் உரையை எழுத்துப் பட்டியலாகவே பிரித்துத் தரும். மொழி எதுவானாலும் எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டும், அவ்வளவுதான் என் பிடிவாதம்.

முட்டம் கலங்கரை எழுதியது:

இந்த இழை எனக்குச் சரியான நேரத்தில் கிடைத்தது. நான் கடலோரக் கிராமத்தில் இருக்கிறேன். வானிலை ஆய்வு மையமும் கடல் தகவல் மையமான இன்காய்ஸும் வெளியிடும் கடல் எச்சரிக்கையைச் சுருக்கி, 58 மில்லிமீட்டர் ரோலில் சிறு சீட்டாக அச்சிட்டு வள்ளக்காரர்களுக்குக் கொடுக்கிறோம். கைப்பேசி இருந்தாலும் சட்டைப்பையில் ஒரு தாள் இருப்பதை எங்கள் ஆட்கள் விரும்புகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் கொண்டுபோனவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. எச்சரிக்கைத் தாளை இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துரு கிடையாது, படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். ஒரு வரிக்கு 384 புள்ளி. எழுத்தை எண்ணி மடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ர ஒல்லி, ணை அதைப்போல மூன்று மடங்கு அகலம். 16 எழுத்து வரி ஒன்று பாதித் தாளோடு நிற்க, அடுத்த 16 எழுத்து வரி தாளைத் தாண்டிப்போனது. அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு அளக்கத் தொடங்கினேன். பில்லோ தொகுப்பில் கெட்லெங்த் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சொற்றொடர் இந்த எழுத்துருவில் எத்தனை புள்ளி அகலம் என்று அது சொல்லும். பழையாறு சார் சொன்ன அதே மடிப்பு நிரல், எழுத்தெண்ணிக்கைக்குப் பதில் புள்ளி அகலம், 70-க்குப் பதில் 384. ராக்ம் என்ற துணைத்தொகுப்பும் கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

ஒரு சிக்கல் பாக்கி. "மணிக்கு 45 முதல் 55 கி.மீ." என்பதில் 45 ஒரு வரியிலும் 55 அடுத்த வரியிலுமாக விழுகிறது. அவசரத்தில் பார்ப்பவர் மேல்வரியை மட்டும் பார்த்துவிட்டு 45 என்று நினைத்துக்கொண்டு போனால் என்ன ஆவது? அந்தத் தொடரை உடையாமல் வைக்க வேண்டும்.

பழையாறு எழுதியது:

உடையா இடைவெளி என்று ஒரு யூனிகோடு குறி இருக்கிறது, எண் 160. பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில், "முதல்" என்ற சொல்லின் இருபுறமும் அதைப் போடுங்கள். டெக்ஸ்ட்ராப் அந்தக் குறியில் வரியை உடைக்காது.

ஆனால் உங்கள் நிரல் சொந்த நிரல் அல்லவா? அங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ப்ளிட் செயல்கூறை வெறுமனே அழைத்தால் பைத்தான் உடையா இடைவெளியிலும் பிரித்துவிடும். சாதாரண இடைவெளியில் மட்டும் பிரி என்று அடைப்புக்குள் குறிப்பாகக் கொடுங்கள். எனக்கு இந்த ஒரு விஷயம் ஒரு மாலை முழுவதையும் தின்றது.

முட்டம் கலங்கரை எழுதியது:

அதேதான் நடந்திருக்கிறது சார். மாற்றிவிட்டேன். "45 முதல் 55 கி.மீ." முழுவதும் ஒரே வரியில் நிற்கிறது.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

எஃப்எம்டி பற்றிச் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக்கருத்து சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரைகளைப் படிக்கப்போவது கைப்பேசியில். 70 எழுத்தில் நாம் எண்டர் போட்டு அனுப்பினால் அங்கே ஒரு வரி முழுதாக, அடுத்த வரி இரண்டு சொல்லோடு, மறுபடியும் முழு வரி என்று பல் உடைந்த சீப்பு மாதிரி வரும். டிடிபிக்காரர் செய்த அதே தவறை நாமும் மறுபடி செய்கிறோமே.

பழையாறு எழுதியது:

நியாயம்தான். மின்னஞ்சல் விதியில் வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது என்று இருக்கிறது. ஆனால் இன்றைய மின்னஞ்சல் மென்பொருள்கள் நீண்ட பத்தியைத் தாங்களே குறியாக்கி அனுப்பி, வாங்கும் பக்கம் திரைக்கேற்ப மடித்துக்கொள்ளும்.

ஆகவே வாசகன், மூலக்கோப்பில் ஒரு பத்திக்கு ஒரே நீண்ட வரி வையுங்கள். அதுவே நிரந்தரம். மடிப்பு என்பது வெளியே போகும்போது மட்டும், போகும் இடத்துக்கு ஏற்ற அகலத்தில். கைப்பேசிக்கு மடிக்கவே வேண்டாம். வாசகசாலைச் சுவரில் ஒட்டும் தாளுக்கு 60, சீட்டுக்கு 384 புள்ளி. டீச்சர் சொன்ன விதிகளை வைத்து ஒட்டும் வேலைதான் உண்மையான வேலை, அதை ஒரே முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும்.

வேளிமலை வாசகன் எழுதியது:

நான்கு நாள் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. மொழிமுதல் விதி ஒன்றே உடைந்த சொற்களில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட்டது. ரப்பர் தனியாக நிற்கிறது, அரண்மனை ஒன்றாகிவிட்டது. மடிப்பதை மார்த்தாண்டம் நண்பர் சொன்னபடி கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

இரண்டு குறை. கட்டுரைகளில் வரும் குறளும் வெண்பாவும் பத்தியோடு ஒட்டி உரைநடை ஆகிவிட்டன. சுவர்த்தாளுக்கு 60 அகலத்தில் மடித்தால் வலப்பக்கம் மேடு பள்ளமாகத் தெரிகிறது.

தோவாளைப் பிச்சி எழுதியது:

ஐயோ, பாட்டைத் தொடாதீர்கள்! குறளின் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. அந்த வரி உடையும் இடமே யாப்பு. அதைச் சேர்த்துவிட்டால் பாட்டே போச்சு.

பழையாறு எழுதியது:

மலரில் பாட்டு வரிகளை உள்ளே தள்ளி அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? அப்படியானால் கோப்பிலும் வரித் தொடக்கத்தில் இடைவெளி இருக்கும். இடைவெளியில் தொடங்கும் வரியை எதனோடும் ஒட்டாதே, மடிக்காதே, அப்படியே எழுது என்று ஒரு நிபந்தனையை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். பத்தித் தொடக்கத்துக்கும் அதே இடைவெளி விட்டிருந்தால் குழம்பும். அடுத்தடுத்து இரண்டு வரி உள்ளே தள்ளியிருந்தால்தான் பாட்டு என்று கொள்ளுங்கள்.

வலப்பக்கத்து மேடு பள்ளம், நம் சொற்கள் நீளமாக இருப்பதால் வருவது. இப்போதைய நிரல் வரிக்கு வரி பேராசைப்படுகிறது: இந்த வரியில் எவ்வளவு அடைக்கலாம் என்று மட்டுமே பார்க்கிறது, அடுத்த வரி என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் எழுதிய கட்டுரையில் வேறு வழி இருக்கிறது, அச்சுக்கோக்கும் டெக் மென்பொருள் பத்தி அமைப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு வரியிலும் மிஞ்சும் வெற்றிடத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, பத்தி முழுவதற்கும் அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் உடைப்புகளைத் தேர்வது அதன் எளிய வடிவம். கடைசி வரியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. முதல் வரியில் ஒரு சொல்லைக் கீழே தள்ளினால் மூன்றாம் வரியின் பள்ளம் நிரம்பும், அதை இது கண்டுபிடிக்கும். இருபது வரி நிரல். குலசேகரம் தம்பி, உனக்கு இது நல்ல பயிற்சி, எழுதிப் பார்.

குலசேகரம் பையன் எழுதியது:

எழுதிவிட்டேன் அண்ணா. தொட்டிப்பாலம் கட்டுரையின் முதல் பத்தியில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு ஒரு வரியில் 19 எழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. இப்போது எந்த வரியிலும் 9-க்கு மேல் காலியில்லை. வரி எண்ணிக்கை கூடவில்லை. வாசகன் அண்ணனுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

வேளிமலை வாசகன் எழுதியது:

கிடைத்தது தம்பி. சுவரில் ஒட்டியாகிவிட்டது. பாலம் கட்டியபோது சிமெண்டுச் சட்டி சுமந்தவரின் மகன் இன்று சாயங்காலம் நின்றபடியே முழுவதையும் படித்தார். கண்ணாடி எடுத்து வராமல் வந்திருந்தார், அதனால் எழுத்தளவை அடுத்த முறை கூட்டி, அகலத்தை 48 ஆக்கப்போகிறேன்.

க், ச், த், ப் வகையில் நிரலால் முடிவெடுக்க முடியாமல் குறித்துவைத்த இடங்கள் இன்னும் இருக்கின்றன. டீச்சர், ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

தோவாளைப் பிச்சி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலை வாசகசாலைக்கு வருகிறேன். அந்தப் பட்டியலைத் தாளில் எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் மேல்வரியும் கீழ்வரியும் சேர்த்து. திரையில் படித்தால் ஒற்று என் கண்ணுக்குத் தப்பிவிடும்.